கோப்பையில் மிச்சம் வைப்பவர்கள்

நுழைவுத் தேர்வில் பெண் முதலிடம் பெற்றிருந்தாள். ஆனால் பெரிய பள்ளியைப் பொறுத்தவரை தேர்வு என்பது வாசற்படி மட்டுமே. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது, பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு அளிக்கப்படும் தேநீர் விருந்து. அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. தலைமையாசிரியையும் நிர்வாகக் குழுவினரும் கோப்பையும் கையுமாக நின்று வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். விருந்து முடியும்போது யார் வீட்டுப் பிள்ளைக்கு இடம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. தெரியும், அவ்வளவுதான்.

அங்கே படித்தவர்கள் அமைச்சர்கள் ஆனார்கள். அமைச்சர்களைச் சட்டமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்களும் அங்கே படித்தவர்களே. எது நாடகம், எது வெறும் கூத்து என்று பத்திரிகையில் தீர்ப்பு எழுதுகிறவர்களும், மற்றப் பள்ளிகளின் பாடப்புத்தகங்களில் என்ன இருந்தால் போதும் என்று முடிவு செய்கிறவர்களும் அதே மைதானத்தில் பந்து விளையாடியவர்கள்தாம். பெண்ணின் தந்தை இதை எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நகரத்தின் பழைய கிளப்பில் அவர் பரிசாரகர். இருபது ஆண்டுகளாக அவர்களுடைய நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றவர். ஓர் ஆட்சி கவிழப்போகும் செய்தி, சூப்புக் கிண்ணத்தை எடுப்பதற்கும் அடுத்த தட்டை வைப்பதற்கும் இடையில் அவர் காதில் விழுந்திருக்கிறது.

ஆகவே, வீட்டாரை விருந்துக்குத் தயார்செய்ய அவருக்கு வேறு ஆள் தேவைப்படவில்லை.

"டீயை முழுசாக் குடிச்சிடாதே. கொஞ்சம் மிச்சம் வை" என்றார் மனைவியிடம். அவள் சலவை நிலையம் ஒன்றில் இஸ்திரி போடுகிறவள்.

"குடிக்கத்தானே குடுக்கறாங்க?"

"முழுசாக் குடிச்சா, தாகத்தோட வந்திருக்கோம்னு தெரிஞ்சிடும்."

"சிரிக்கலாமா?"

"சிரிக்கலாம். அவங்க சிரிச்சப்புறம்."

"மூச்சு விடறதுக்கு யாரைக் கேக்கணும்னும் சொல்லிடுங்க. அங்க வந்து தடுமாறுவேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்கக் கூடாது என்று அவளிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே வாய் கசந்தது.

விருந்துக் கூடத்தில் அவர் எதிர்பாராதது ஒன்றே ஒன்றுதான்: தேநீர் கிளப்பிலிருந்து வந்திருந்தது. தட்டை ஏந்தி வந்தவனைக் கிளப் பரிசாரகர்கள் எல்லாரும் 'ஒட்டகம்' என்றே அழைப்பார்கள், உயரம் அப்படி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நண்பன். மகள் அவனை மாமா என்று கூப்பிடுவாள்.

ஒட்டகம் மரக்கட்டை முகத்தோடு குனிந்தான். "எடுத்துக்குங்க சார்." பிறகு உதடு அசையாமல், "கோட்டு யாரோடது? உள்ள இன்னொருத்தர் குடியிருக்கலாம் போலிருக்கே."

"மச்சானோடது. போடா, யாராவது பாத்துடப் போறாங்க."

"என்னையா? இத்தனை வருஷமாப் பாக்காதவங்க இன்னிக்கா பாக்கப் போறாங்க?"

விருந்து நன்றாகவே நடந்தது. தலைமையாசிரியை மனைவியிடம் வெயிலைப் பற்றிப் பேசினார். மனைவி அளவாகப் பதில் சொல்லி, கோப்பையில் மிச்சமும் வைத்தாள். நிர்வாகக் குழுத் தலைவர், கிளப்பில் வாரந்தோறும் இவர் கையால் சாப்பிடுகிறவர், "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று இவரிடமே நாட்டு நடப்பைப் பற்றிக் கருத்துக் கேட்டார். அடையாளம் தெரியவில்லை. சன்னலருகே பிள்ளைகள் கூட்டத்தில் மகள் ஏதோ சொல்ல, எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். இடம் கிடைத்துவிட்டது என்று இவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய கணத்தில் உடம்பின் இறுக்கம் தளர்ந்தது. தளர்ந்திருக்கக் கூடாது.

கையை வீசி வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்த வழக்கறிஞர் ஒருவரின் முழங்கை ஒட்டகத்தின் தட்டில் மோதியது. நிறைந்த கோப்பைகள் ஒருபக்கமாகச் சரிந்தன. இவருடைய வலக்கை தட்டின் அடியில் போய் நின்றது. மூன்று விரல்கள் விரிந்தன; முழங்கால் சற்று மடங்கியது; சரிவை எதிர்க்காமல் அதன் போக்கிலேயே இறங்கி, அடியில் பிடித்து, மெல்ல நிமிர்த்தினார். கட்டைவிரல் சர்க்கரைக் கிண்ணத்தைத் தடுத்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அத்தோடு விட்டிருந்தாலாவது தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். தட்டை உள்ளங்கையில் திருப்பி, தோளுயரத்துக்கு ஏற்றி, ஒட்டகத்திடம் முறைப்படி கைமாற்றி, "பாரத்தை உள்பக்கமா வை" என்றும் சொன்னார்.

வழக்கறிஞர் கைதட்டினார். "பிரமாதம்!"

"நல்ல கை" என்றார் தலைமையாசிரியை, புன்னகையோடு.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு இவராகவே பதில் சொன்னார்: "இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

நண்பனைக் காப்பாற்றுவதாக எண்ணி ஒட்டகமும், "ஆமாங்கம்மா, நான் இவரைப் பாத்ததே இல்லை" என்றான்.

குழுத் தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, நீ நம்ம கிளப் ஆளில்ல?"

தலைமையாசிரியை பெண்ணின் தந்தையைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார். குரலில் கடுமை துளியும் இல்லை. "உங்க வேலை என்னன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். அது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனா, கூட வேலை செய்யறவரையே தெரியாதுன்னு சொல்லிட்டீங்களே. இங்க முதல் பாடமே நேர்மைதான்."

"பயத்துல சொல்லிட்டேம்மா. பொய் சொன்னது நான்தானே, அவ இல்லையே."

"குழந்தைக்கும் இங்க சங்கடமாத்தான் இருக்கும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். விருந்து முடியற வரைக்கும் இருங்க, அவசரமில்லை."

தலைமையாசிரியை உள்ளே போக, கூடத்தின் கதவு சாத்திக்கொண்டது. முதல் காரணம் கிடைக்காமற்போயிருந்தால் இரண்டாவது காரணமே போதுமானதாக இருந்திருக்கும் என்பது அவருக்கு விளங்கியது. விளங்கி என்ன?

மனைவி வெளியே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே, "பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேன். வாங்க, போயிடலாம்" என்றாள்.

"இரு. அவ எப்படிப் படிப்பான்னு நான் சொல்லவே இல்லை. வாயைத் திறந்தேன், வேற எதையோ சொல்லித் தொலைச்சேன். இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறேன்."

"எத்தனை தடவை கேட்டாலும் அவங்க இப்படித்தான் பேசுவாங்க. விடுங்க."

"விட்டுட்டு? உன்னை மாதிரி இஸ்திரி போடவா? என்னை மாதிரி நிக்கவா?"

அவர் கூடத்தின் கதவைத் தள்ளினார். பள்ளி எழுத்தர் குறுக்கே கை நீட்டினார். "இதுக்கு மேல அம்மா யாரையும் பாக்க மாட்டாங்க. நீங்க வெளியில உக்காருங்க."

தாழ்வாரத்தின் கோடியில் சமையலறைக்குப் போகும் வழி இருந்தது. கோட்டைக் கழற்றி மனைவியின் கையில் கொடுத்துவிட்டு அவர் அந்தப் பக்கமாக நடந்தார். உள்ளே ஒட்டகம் தட்டு நிரப்பிக்கொண்டிருந்தான்.

"அதைக் குடு."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? பொண்ணு உள்ள நிக்கறாடா."

"அந்தம்மா கிட்ட போறதுக்கு வேற வழியில்ல. குடுடா."

வெள்ளைச் சட்டையும் ஏந்திய தட்டுமாக வருகிறவரை யாரும் தடுக்கவில்லை. எழுத்தரே கதவைத் திறந்து பிடித்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. கோட்டோடு நின்றபோது ஒரு தடவைகூட இவ்வளவு எளிதாக அவரால் அந்தக் கூடத்தைக் கடக்க முடிந்ததில்லை.

தலைமையாசிரியை வழக்கறிஞரோடு பேசிக்கொண்டிருந்தார். "திறமை எந்த மூலையில இருந்தாலும் நாமதான் தேடிப் போகணும்." கை நீண்டு ஒரு கோப்பையை எடுத்தது. கண் திரும்பவில்லை.

"அம்மா, என் பொண்ணு..."

"சர்க்கரை வேண்டாம், நன்றி."

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம்..."

தலைமையாசிரியை தோளைச் சற்றே திருப்பிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். இரு பக்கங்களிலிருந்தும் கைகள் வந்தன. கோப்பைகளை எடுத்தன, குடித்த கோப்பைகளை வைத்தன, எல்லாவற்றிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் வரிசையாக நிற்க, அவர் அங்கேயே நின்றார்.

சன்னல் பக்கமிருந்து ஒரு பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்டது: "ஏய், அது உங்க அப்பாதானே?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோப்பைகூட இன்னொன்றோடு உரசிச் சத்தம் எழ விட்டவரில்லை. இப்போது தட்டைப் பக்கத்து மேசையில் வைத்து, மகள் சொல்லப்போகும் பதில் தம் காதில் விழாதபடி, குடித்த கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடகடவென்று அடுக்கத் தொடங்கினார்.