ஈயம் பூசிய சொம்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கண்ணும் நாக்கும் எதற்கு இருக்கிறது என்றே தனகோட்டிக்கு விளங்கவில்லை. ஒரு வாய் குடித்தால் தெரிந்துபோகிற தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் ஏற்றி, எங்கோ இருக்கிற மெஷினிடம் கொண்டுபோய்க் கேட்கிறார்கள். சங்கராபரணிக் கரையில் கீரை போட்டே தலை நரைத்தவன் சொன்னால் கிழவனுக்கு என்ன தெரியும் என்கிறார்கள்.

மெஷின் சொன்ன பதிலோடுதான் ஜினிஷா வரப்பில் வந்து நின்றாள். தொண்டூர் நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம். செஞ்சிச் சாக்கடை சேருகிற இடத்திலிருந்து ஆற்றுத் தண்ணீரில் காரீய விஷம் எவ்வளவு என்று காலேஜுக்காக அளக்கிறாள். போன முறை கரை வழுக்கியதால் பாட்டிலை இவரிடம் கொடுத்து, அப்படியே ஆற்றில் முக்கி எடுக்கச் சொல்லியிருந்தாள். கெட்ட தண்ணீர் என்று எழுதிவிட்டால் இவர் கீரையை மார்க்கெட்டில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். சிறுகீரைப் பாத்தியில் குந்தியிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"மேல எடுத்த தண்ணிலயும் இல்ல, கீழ எடுத்ததுலயும் இல்ல தாத்தா. ஒங்க பாட்டில்ல மட்டும் காரீயம் ஏகத்துக்கு இருக்குது. எப்டி புடிச்சீங்க?"

"ஆசிட் நாத்தம் அடிச்சிது. நீங்களே எதனா ஊத்தி வெச்சிட்டு ஆத்து மேல பழி போடுவீங்க. அதான் பாட்டில கழுவிட்டு என் சொம்புத் தண்ணிய ஊத்துனேன். அதுவும் காலைல இதே ஆத்துல மொண்டதுதான்."

பாட்டிலைச் சுத்தம் பண்ணிய ஆசிட் அது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வரப்பில் இருந்த பித்தளைச் சொம்பைப் பார்த்தாள். புளி போட்டுத் துலக்கிய சொம்பு. உள்ளே வெள்ளையாக மின்னியது. தை மாதம் அவலூர்பேட்டைச் சந்தையில் ஈயம் பூசியது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

சல்லிசாகப் பூசுகிறவர்கள் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்துவிடுவார்கள், தண்ணீர் நின்றால் அது இறங்கும், புளிப்பு பட்டால் இன்னும் அதிகம் என்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்டின்னா ஆறு நல்லாத்தான் இருக்குது. கீரை தப்பிச்சிது தாத்தா. சொம்ப குடுங்க, டெஸ்ட் பண்ணிட்டு எழுதிடறேன்."

"ஒங்க வூட்ல தண்ணிய துணில வடிகட்டித்தான குடிப்பீங்க? எல்லாத்துக்கும் பயம்."

"துணில காரீயம் நிக்காது தாத்தா." கொஞ்சம் தயங்கினாள். "இதுல வேற யாரு குடிக்கறாங்க?"

தனகோட்டி பாத்தியில் ஒரு களையைப் பிடுங்கினார். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் மகள் பூங்குழலி. உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று தினம் காலையில் இந்தச் சொம்பில்தான் புளித்த மோர் ஊற்றிக் கொடுக்கிறார். இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பாள், வளையல்கள் முழங்கை வரைக்கும் சரியும். ஆறு நல்லது என்றால் சொம்பு கெட்டது. சொம்பு நல்லது என்றால் கீரை போச்சு. இந்தப் பெண் ஒரே வாயால் இரண்டையும் சொல்கிறாள்.

"ஆறும் நல்லாருக்குது, சொம்பும் நல்லாருக்குது. ஒன் மெஷினுதான் ரிப்பேரு."

அவள் மறுபடி கை நீட்டினாள். அவர் சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் இருந்து கூப்பிட்டாள். திரும்பவில்லை.

வெயில் ஏறியிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எப்போதும் புங்கமரத்தடியில் நின்று அண்ணாந்து ஊற்றிக்கொள்வார். புங்கமரம் வந்தது, தாண்டியும் போனது. சுத்தப் புளுகு என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. ஒவ்வோர் எட்டுக்கும் சொம்பு தளும்பி அவர் கால்மேலேயே தெளித்தது.