குண்டு முனியின் மேல் ஒரு மனு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக் கொட்டகையில் கூடியவர்கள் இவர்கள். மேசைக்குப் பின்னால், முதுகு சாயும் ஒரே நாற்காலியில் விஜயன். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், விருந்தாளி என்பதால் நாற்காலி அவருக்கு. பக்கத்தில் ஸ்டூலில் தோட்டச் சங்கக் கிளையின் செயலாளர் பக்கிரிசாமி. மேசையின் ஓரத்தில் தாளும் பேனாவுமாக நவமணி. கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சங்கத்துக் கடிதமெல்லாம் அவள் கையால்தான். வாசலோரப் பாயில் மணியம்மாவும் மற்றக் கொழுந்துக்காரப் பெண்களும். சன்னலோரத்தில், புகை வெளியே போக வசதியாக, வீரப்பன். மணியம்மாவின் புருஷன் சிங்காரம் மட்டும் பிள்ளைகளுக்கான குட்டைப் பெஞ்சில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார். இடமில்லாமல் இல்லை. அங்கிருந்து பார்த்தால்தான் வெளியே அடுப்பில் படையல் சோறு கொதிப்பதும், தேயிலைச் சரிவில் குண்டு முனி இருப்பதும் ஒன்றாகத் தெரியும்.

குண்டு முனி என்பது முழங்கால் உயரக் கல். ஆற்றிலிருந்து உருட்டி வந்தது. சுண்ணாம்பு அடித்து மூன்று கோடு விபூதி போட்டிருக்கும். நம்மைக் காப்பாற்றியது எதுவென்று தெரிந்தால் அதற்கு ஒரு கல் நடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். மண் சரிந்தபோது தொழிலாளர் லயம் தப்பியதற்கு ஒரு கல் இருந்தது. புலி குறுக்கே வந்தும் அடிக்காமல் போனதற்கு ஒரு கல் இருந்தது. இந்தக் கல், ஜப்பானில் விழுந்த அணுகுண்டுக்கு.

நட்டவர்கள் சயாமிலிருந்து திரும்பியவர்கள். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அரிசி தருகிறோம் என்று தோட்டத்து ஆட்களை லோரியில் ஏற்றினார்கள். மலையிறங்கித் தாப்பா போனதும் அரிசியைக் காணோம், சயாமுக்குப் போகும் ரயில் நின்றது. சிங்காரத்துக்குப் பதினாறு வயது, தம்பி கந்தனுக்குப் பதினாலு. சயாம் காட்டில் தண்டவாளம் போட்டார்கள். போட்டு முடித்த பிறகும் விடவில்லை. உடைந்த பாலங்களைக் கட்ட வைத்தார்கள். சுற்றிலும் ஆட்கள் செத்துக்கொண்டேயிருந்தார்கள். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்த கந்தன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். அவனை எரித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, முகாமில் செய்தி பரவியது: ஜப்பானில் ஒரு குண்டு விழுந்ததாம், ஊரே இல்லையாம், சண்டை முடிந்ததாம். குண்டு ஒன்றல்ல, இரண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அடுத்த வருஷம் ஒன்பது பேர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த மாசமே கல்லை நட்டார்கள்.

அதிலிருந்து ஆகஸ்டு நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை படையல். சயாமில் புழுத்த அரிசி தின்றவர்கள் ஆனதால் படையலுக்கு நல்ல வெள்ளைச் சோறும் பொரித்த கருவாடும் மட்டும். திரும்பி வராத ஒவ்வொருவருக்கும் ஒரு வாழை இலை. எழுபதுகளில் அது திருவிழாவாகவே இருந்தது. திரிங்காப்பிலிருந்து பூ லோரி வரும், கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் லோரி வரும், மேலே உட்கார்ந்து ஆட்கள் வருவார்கள். பக்கத்துத் தோட்டத்து உறுமி வரும். ஆலையில் தேயிலை காயும் வாசமும் கருவாட்டு வாசமும் பனிமூட்டத்தில் கலந்து சட்டையில் ஏறி, துவைத்தாலும் போகாது. சயாம்காரர்கள் ஒன்பது பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்களை அண்டவிடாமல் தாங்களே சோறாக்குவார்கள். உப்புப் பார்ப்பதில் சண்டை வரும். ஒன்பது பேரும் பார்ப்பார்கள்.

இப்போது அந்த ஒன்பதில் இரண்டு மிச்சம், சிங்காரமும் வீரப்பனும். இந்த வருஷத்தோடு சிங்காரத்துக்கும் ஆலை வேலை முடிகிறது. டிசம்பரில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவில் மகனோடு போய் இருக்கவேண்டும். இதுதான் அவர் கையால் போடும் கடைசிப் படையல். பெஞ்சில் உட்கார்ந்து அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். விஜயன் பேச வந்த விஷயம் இன்னதென்று அவருக்குத் தெரியாது.

பக்கிரிசாமிக்குத் தெரியும். படையலுக்கு எல்லாரும் கூடுவார்கள், அலையாமல் அன்றைக்கே கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எதற்குப் படையல் என்பதை விஜயனிடம் சொல்லவில்லை. எதற்குக் கையெழுத்து என்பதைச் சிங்காரத்திடம் சொல்லவில்லை.

விஜயன் எழுந்து நின்று சொன்னார். இந்த மாசக் கடைசியில் ஜெனீவாவில் நாடுகளெல்லாம் கூடுகின்றன. அணுகுண்டு வைத்திருப்பவன் குறைக்கவேண்டும், இல்லாதவன் செய்யக்கூடாது என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை அது எந்த மட்டில் இருக்கிறதென்று உட்கார்ந்து பார்ப்பார்கள். கோலாலம்பூரில் தாங்கள் சிலர் சங்கம் வைத்திருக்கிறோம், ஊரூராக மனு வாங்கி அனுப்புகிறோம்.

"நம்ம சம்பள ஒப்பந்தம் மாதிரியா?" என்றார் வீரப்பன் சன்னலிலிருந்து. "அப்ப நடந்தாப்லதான், போ."

பாயில் சிரிப்பு எழுந்தது. விஜயனும் சிரித்துவிட்டு, "உங்க தோட்டத்துச் சாமிக்குப் படையல்னு செயலாளர் சொன்னாரு. என்ன சாமிங்க அது?" என்று கேட்டார்.

"குண்டு முனி."

"பருத்த சாமியா?"

"இல்ல தம்பி, வெடிச்ச சாமி. நீங்க வேண்டாங்கிறீங்கல்ல, அந்தக் குண்டுதான்." வீரப்பன் பக்கிரிசாமியைப் பார்த்தார். "ஏண்டா பக்கிரி, இலையப் போட்டுச் சாமிய உட்கார வச்சுட்டு, அது மேலயே பெட்டிஷன் எழுதறியே, உனக்கே நல்லாருக்கா?"

பக்கிரிசாமி கழுத்தைச் சொறிந்தார். விஜயன் சன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தார். பிறகு தாம் கொண்டுவந்த அட்டைப் படங்களை மறுபடி பைக்குள் வைக்கப் போனார்.

"ஏன் வைக்கிறீங்க?" என்றார் சிங்காரம். "காட்டுங்க. அது என்ன செஞ்சிச்சுன்னு நானும் பார்க்கறேன்."

படங்கள் கைமாறி வந்தன. சாம்பல் மைதானம். முதுகுத் தோல் உரிந்த ஒரு பெண். பள்ளிக்கூடப் பிள்ளையின் தகரச் சாப்பாட்டுப் பெட்டி, உள்ளே கரிந்த சோறு. அது கைக்கு வந்ததும் மணியம்மா, "ஐயோ, திறக்கவே இல்லையே" என்றாள். படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெந்து செத்தவங்க அன்னைக்கே போயிட்டாங்க," என்றார் விஜயன். "நல்லாயிருந்தவங்களுக்கு அப்புறமா முடி கொட்டுச்சு, ஈறுல ரத்தம் வந்துச்சு. ஐயா, போன வருஷம் உங்க நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தேனே, நெனப்பிருக்கா? பட்டனை அமுக்க நான் சுவருக்குப் பின்னால போயிட்டேன்."

"ஆமா. பயந்தாங்கொள்ளியா இருக்கானேன்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எடுத்தது ஒரு பொட்டு. ஒண்ணும் செய்யாது. நான் தினமும் நிக்கிறவன், அதனால ஒளியறேன். அந்த மாதிரி கதிருதான் அங்க ஊர் முழுக்க, அதைவிட எத்தனையோ மடங்கு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வயித்துல இருந்த பிள்ளையையும் விடல."

சிங்காரம் தலையாட்டினார். சயாமில் அவர் பார்க்காத சாவா? கால் புண்ணில் எலும்பு தெரிய நடந்தவர்களைப் பார்த்திருக்கிறார். அதனால் படங்கள் அவரை உலுக்கினாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

"தம்பி, பாவம்தான். ஆனா அது விழலேன்னா நான் அங்கயே மண்ணு. இந்தப் பொம்பளைக்குப் புருஷன் இல்ல, ஈப்போவுல அந்தப் பயலும் இல்ல. நாப்பதாவது படையல் இன்னைக்கு. சோறு தின்ன கையால அதை வேண்டாம்னு எழுதினா, நான் என்ன மனுஷன்?"

அந்தக் கிளையில் எந்த மனுவானாலும் முதல் கையெழுத்துச் சிங்காரத்துடையதுதான். முன்பொரு காலம் துரைக்கு மனு எழுதியபோது பெயர் போட எல்லாரும் நடுங்க, இவர் முதலில் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து அவர் போட்டால்தான் மற்றவர்கள் போடுவார்கள். நவமணி எழுதி வைத்திருந்த தாளின் அடிப்பாகம் வெறுமையாகக் கிடந்தது. பேனாவை மூடுவதா வேண்டாமா என்று அவள் பக்கிரிசாமியைப் பார்த்தாள்.

"பரவால்லைங்கய்யா," என்றார் விஜயன். மெய்யாகவே சொன்னார். படங்களைத் திரும்ப வாங்கினார். கடைசி அட்டை சிங்காரம் கையிலேயே இருந்தது. இடிந்த சுவரோரம் சில ஆண்கள் வரிசையாகக் கிடந்தார்கள். கட்டம்போட்ட பாயொன்று பாதிப் பேரை மூடியிருந்தது.

"இவங்க சிப்பாயா?"

"இல்லைங்க. ஜப்பான்காரங்களே இல்ல. கொரியாக்காரங்க. அந்த ஊர்ல ஆயிரக்கணக்கா இருந்தாங்க."

"அவங்க அங்க என்னாத்துக்குப் போனாங்க?"

"எங்க போனாங்க, கொண்டு வந்தாங்க. ஆலையில, ரோட்டு வேலையில கூலிக்கு."

சிங்காரம் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "புடிச்சிட்டு வந்தாங்களா?"

"சிலரைப் புடிச்சாங்க. சிலருக்கு நல்ல சம்பளம், நல்ல சாப்பாடுன்னு சொல்லி ஏத்தினாங்க."

"லோரியிலயா?"

"கப்பல்ல, ஐயா."

"அரிசி தர்றோம்னாங்க எங்களுக்கு," என்றார் சிங்காரம்.

வீரப்பன் சன்னலை விட்டு வந்து அவர் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தார். கையில் புகைந்துகொண்டிருந்த ரொக்கோவை அணைத்துக் காதில் செருகினார். "நம்ம மாதிரிதான் கெடக்கானுங்கடா," என்றார்.

சிங்காரம் எழுந்து வெளியே போனார். குட்டைப் பெஞ்சில் முழங்கால் மடங்கியே இருந்ததால் கொஞ்சம் நொண்டினார். மணியம்மா பின்னால் போகவில்லை. கல்லுக்கு முன்னால் நின்று அவர் ஒவ்வொரு வருஷமும் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். கும்பிட்டுவிட்டுத் திட்டுவார். ஒரு மாசம் முந்தி வந்திருக்கக்கூடாதா, ஒரே மாசம், கந்தன் இருந்திருப்பானே, என்னத்துக்கு அவ்வளவு தாமதம் பண்ணினாய் என்று கேட்பார். எல்லா வருஷமும் அதே கேள்வி. மற்றச் சயாம்காரர்கள் சற்றுத் தள்ளி நின்று, கேட்காத மாதிரி இருப்பார்கள்.

இன்றைக்கும் கல்லுக்கு முன்னால் நின்றார். வாய் திறந்தது, கேள்வி வரவில்லை. சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று நாற்பது வருஷமாகத் தாம் யார் தலையில் விழச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது இப்போது தெரிந்தது. அந்தச் சாப்பாட்டுப் பெட்டியின் மேல். அங்கேயும் ஓர் அண்ணன் தம்பி இருந்திருப்பார்கள். அரிசி என்று நம்பிக் கப்பலேறியிருப்பார்கள்.

பனி இறங்கி வந்து கல்லை மறைத்தது, விலகியது. அவர் கல்லைத் தள்ளவில்லை. தள்ள மனம் வரவில்லை. அதனால் வந்த உயிர் உடம்பில் இருக்கத்தான் செய்தது.

திரும்பி அடுப்படிக்கு வந்து குரல் கொடுத்தார். "மணியம்மா, இன்னொரு இலை எடு."

"யாருக்குங்க?"

"அந்தக் கொரியாக்காரப் பயலுக்கு. பேர் தெரியாட்டிப் பரவால்ல."

இலைகள் விரிந்தன. கந்தனுக்குப் பக்கத்தில் புது இலை. சிங்காரமே சோறு வைத்தார். ஆனால் அகப்பை கல்லின் பக்கம் போகவில்லை. முனிக்கென்று முதலில் வைக்கும் பங்கு இந்த வருஷம் சட்டியிலேயே நின்றது. வீரப்பன் கவனித்தார். உப்புச் சரியாக இருக்கிறதா என்று ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கம்மி" என்றார்.

"நாப்பது வருஷமா இதையே சொல்லு."

கொட்டகைக்குள் வந்து சிங்காரம் மேசைக்கு முன்னால் நின்றார். "நவமணி, நீ எழுதினது இருக்கட்டும். அடியில நான் சொல்றதையும் சேர்த்துக்க."

"சொல்லுங்க மாமா."

"என் பெயர் சிங்காரம். சயாமில் இருந்தேன். தம்பியை அங்கே விட்டேன். இந்தக் குண்டு விழுந்ததால் உயிரோடு வீடு வந்தேன், அது பொய்யில்லை. அதற்கு முப்பத்தொன்பது வருஷம் சோறு போட்டேன். எங்களைப் போலக் கொண்டுபோனவர்கள் மேலும் அது விழுந்தது என்று இன்றைக்குத்தான் தெரியும். இனிமேல் யாரும் இதைக் கும்பிட்டு வீடு வரும்படி ஆக்காதீர்கள்." கொஞ்சம் யோசித்தார். "கேட்டுக்கொள்கிறேன்னு போடு. மரியாதையா இருக்கட்டும்."

"ஜெனீவாக்காரங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றார் வீரப்பன்.

"கோலாலம்பூர்ல மாத்தி எழுதி, இதையும் சேர்த்து அனுப்புவோம்," என்றார் விஜயன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சிங்காரம் ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரைப் போட்டார். பிறகு வீரப்பன் பெருவிரலை மையில் அமுக்கி ஒற்றினார். பிறகு மணியம்மா. பாயிலிருந்த பெண்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். நவமணி தாளை ஊதிக் காயவைத்து மடித்தாள். உறையில் பசை இல்லை. அந்த மலையின் ஈரத்துக்கு உறைகள் வாங்கிய மறுநாளே தாமாக ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் பசை போய்விடும். அதனால் தோட்டத்தில் கடிதம் ஒட்டுவதென்றாலே சோற்றுப் பருக்கைதான்.

"சோறு கொஞ்சம்," என்றாள் நவமணி.

சிங்காரம் வெளியே போய், சட்டியில் நின்றுபோன முனியின் பங்கிலிருந்து நாலு பருக்கை எடுத்து வந்தார். இன்னும் சூடு இருந்தது. உறையின் மடிப்பில் வைத்துப் பெருவிரலால் நசுக்கி இழுத்தார். முனை தூக்காமல் இருக்க உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் விஜயன் கடிதத்தைப் பைக்குள் படங்களோடு வைத்து, மோட்டர் சைக்கிளை உதைத்தார். நாளைக்குக் காலை முதல் தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார்.

"பார்த்துப் போங்க தம்பி, வளைவுல பனி இருக்கும்," என்றார் சிங்காரம். மோட்டர் ஆலையைத் தாண்டி, தானா ராத்தா போகும் பாதையில் ஏறியது.