ஜன்னல் பக்கத்து இடம்

கொதிகலன் பெருமூச்சு விட்டதும் துணியை இஸ்திரி போடும் உருளை சுழலத் தொடங்கியது. வெளியே இன்னும் நன்றாக விடியவில்லை. சலவைக்கூடத்துக்குள் அதற்குள் எல்லார் முதுகும் நனைந்துவிட்டது. துவைக்கும் தொட்டிக்காரர் பிழிந்து தள்ளிய படுக்கை விரிப்புகள் சோடா நெடியோடு குவிந்து கிடந்தன. ஒரு ஜோடிப் பெண்கள் முனைபிடித்து உருளைக்குள் கொடுக்க, மறுபுறம் மொடமொடவென்று வெளிவருவதை இன்னொரு ஜோடி வாங்கி மடிக்க வேண்டும். கொடுப்பவர்கள் கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். வாங்குபவர்கள் அசந்தால் உள்ளங்கை வெந்துவிடும்.

எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள் நிற்பது வாங்கும் பக்கம். அவளுக்கு ஜோடி, புருஷனின் தங்கை. வீட்டிலும் இருவருக்கும் ஒரே அடுப்புதான். ஒருத்தி உயரம், இன்னொருத்தி குட்டை என்பதால் துணி எப்போதும் ஒரு பக்கம் சாயும்.

"அண்ணி, கொஞ்சம் பூமிக்கு இறங்கி வாங்க" என்பாள் நாத்தனார்.

"நீ ஒரு செங்கல் மேல ஏறி நில்லுடி" என்பாள் நெட்டை.

விரிப்பை உதறி, முனையோடு முனை சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, விலகி, மறுபடி நடந்து, பொழுதெல்லாம் இதே நடை. எதிரில் இருப்பவள் முகம் சுளித்தால் தெரியாமல் போகாது. அன்று குனிந்து நிமிர்ந்த நாத்தனார் முகம் சுளித்தாள். அவள் திரும்பியபோது புடவையில் கறை தெரிந்தது. மாதவிலக்கு போன வாரமே முடிந்திருந்தது.

"மறுபடியுமா?"

"உருளைச் சூடுதான் அண்ணி. தண்ணி நிறையக் குடிச்சா சரியாயிடும்."

அந்தக் கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். வேளை கெட்ட வேளையில் ரத்தம் பட்டாலும், வெள்ளை பட்டாலும், இடுப்பு விட்டுப்போனாலும் பழி உருளைமேல்தான். அதற்கு அவர்களே ஒரு வைத்தியமும் வைத்திருந்தார்கள். யாருக்குத் தொந்தரவோ அவளுக்கு ஜன்னல் பக்கத்து இடம். கூடத்தில் காற்று வருவது அங்கே மட்டும்தான். வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. நிற்பவள் தானாக விலகிக்கொள்வாள். கையில் வேறு எதுவும் இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது அந்த முழம் அகலக் காற்றைத்தான்.

"இந்தப் பக்கம் வா" என்று நெட்டையும் இடம் மாறினாள். மாறிய பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. போன மழைக்காலம் முழுக்க இதே இடத்தில்தான் சிரிப்பழகி நின்றாள்.

சிரிப்பழகிக்கு எல்லாரும் விட்டுக்கொடுத்தார்கள். ஜன்னலைக் கொடுத்தார்கள், கனத்த விரிப்பைத் தொடவிடாமல் தலையணை உறைகளைக் கொடுத்தார்கள். டாக்டரிடம் கூட்டிப் போக மட்டும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நிற்க முடியாமல் போன பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கர்ப்பப்பை வாயில் புற்று, முற்றிவிட்டது என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். பார்க்கப் போன நெட்டை கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் பச்சைக் கோடு. அவர்கள் கூடத்தில் வெளுத்தது. சிரிப்பழகியே உருளைக்குள் கொடுத்ததாகக்கூட இருக்கலாம். அதன்மேல் படுத்துத்தான் அவள் செத்தாள்.

அது நினைவுக்கு வந்த பிறகு அன்று நெட்டைக்கு வேலை ஓடவில்லை. இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளையில் சுகாதார நிலையத்து நர்ஸ் குழாயடிக்கே வந்து நின்றாள். வீடு வீடாகப் போனால் பூட்டைத்தான் பார்க்க முடிகிறது, அதனால் இங்கே வந்தேன் என்றாள். கழுவின கையைத் துடைத்துக்கொண்டு பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"உருளைச் சூட்டுல புத்து வராதும்மா. இது ஒரு கிருமியால வர்றது. நிறையப் பேருக்கு வந்த சுவடு தெரியாம போயிடும். சிலருக்குப் போகாம தங்கிடும். வருஷக்கணக்கா உள்ளயே இருந்து கெடுக்கும். புத்தா மாறுறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா சுலபமா சரிபண்ணிடலாம். அதனாலதான் ஒரு தொந்தரவும் இல்லாதவங்களையும் வாங்கன்னு கூப்பிடுறேன்."

"எப்படிப் பாப்பீங்க?" என்றாள் நெட்டை.

"பல வழி இருக்கு. கிருமி இருக்கான்னே பாக்கலாம். சின்ன பிரஷ்ல தடவி எடுத்து, கண்ணாடியில தேச்சும் பாக்கலாம். அதுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி. எங்ககிட்ட காடிச் சோதனை. காடின்னா வினிகர். அது மாதிரி ஒரு தண்ணியைப் பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாயில வைப்போம். கெட ஆரம்பிச்ச இடம் இருந்தா வெள்ளையாக் காட்டிக்குடுக்கும்."

"எங்களை ஊறுகாய் போடப் போறீங்கன்னு சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

"வலிக்குமா?"

"பிள்ளை பெத்தவ கேக்குற கேள்வியாடி இது?"

நர்ஸும் சிரித்தாள். நாத்தனார் தயங்கித் தயங்கித் தன் கதையைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. "இடையில ரத்தம் படுறவங்களுக்கு இந்தச் சோதனை மட்டும் பத்தாது. டாக்டரே பாக்கணும். வியாழக்கிழமை காலையில மட்டும்தான் வர்றாங்க. தள்ளிப்போடாதே."

வியாழக்கிழமை காலை என்றதும் எல்லார் முகமும் தொங்கிப்போனது. விடுதிகளின் துணி வண்டியும் ஆஸ்பத்திரி வண்டியும் ஒன்றாக வந்து நிற்கும் காலை அது. ஏற்கெனவே புது உருளை வாங்கிய கடனைச் சாக்காக வைத்து முதலாளி கூலியைக் குறைத்திருந்தார். நெட்டை அன்று சாயங்காலமே நாத்தனாரை இழுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"ஒரு காலை மட்டும்தான் கேக்குறோம், மொதலாளி. இவளை டாக்டர்கிட்ட காட்டணும்."

"என்ன உடம்புக்கு?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள். நெட்டை சொன்னாள். முதலாளிக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது போல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை போங்களேன்."

"ஞாயித்துக்கிழமை அங்க பூட்டியிருக்கும்."

"அவ ஒருத்தி போனா நீ தனியா நின்னு மடிப்பியா? ஜோடியே படுத்துடும். ரெண்டு பேருக்கும் கூலி கிடையாது. அப்புறம் இன்னொருத்தி வருவா, இடுப்பு வலிம்பா. நான் சலவைக்கூடம் நடத்துறதா, பிரசவ வார்டு நடத்துறதா?"

"சிரிப்பழகியும் இதே மாதிரிதான் மொதலாளி..."

"சூடுதானேம்மா? எனக்கு மட்டும் இரக்கம் இல்லையா? இன்னொரு காத்தாடி மாட்டச் சொல்றேன். போங்க."

அவர் சொன்னபடியே மறுநாள் ஒரு காற்றாடி வந்தது. மேஸ்திரி நாற்காலி போட்டு ஏறி, அதை ஜன்னலுக்குமேல் மாட்டினார். கீழே நின்று பார்த்த நெட்டைக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. அவர்மேல் மட்டுமல்ல, தங்கள்மேலும்தான். சிரிப்பழகிக்குத் தாங்கள் செய்ததும் இதைத்தானே என்று மனசு அடித்துக்கொண்டது.

அதையும் முதலாளி சொன்னதையும் ஈரத்துணி முற்றத்தில் கூடியிருந்த பெண்களிடம் அவள் வாய்விட்டே சொன்னாள். உருளைக்குக் கொடுக்கும் பக்கத்து ஊமையக்கா மட்டும் எழுந்தாள். அவளுக்குப் பேச்சு வரும், பேசமாட்டாள், அவ்வளவுதான். சிரிப்பழகியின் ஜோடியாக இருந்தவள்.

"ஒருத்தி போனா ஜோடி படுத்துடும்னு சொன்னாரில்ல? எல்லா ஜோடியும் போவோம். அப்ப யார் படுத்துடுறாங்கன்னு பாக்கலாம்."

"வேலையை விட்டுத் தூக்கிட்டா?" என்றது ஒரு குரல்.

"தூக்கினா எல்லாரையும் தூக்கணும். இந்த ஊர்ல உருளையில கை வைக்க வேற யார் இருக்கா?"

பயம் தீரவில்லை. வீட்டில் நெட்டையின் புருஷன், "உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கத்தினான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை சோறு நானே வடிக்கிறேன் என்று முனகினான்.

வியாழன் விடிந்தது. முதல் குவியலை மடித்து அடுக்கிவிட்டுப் பெண்கள் கையைத் துடைத்தார்கள். மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் ஜோடி ஜோடியாக வாசலைத் தாண்டிவிட்டார்கள். உருளை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

சுகாதார நிலையத்துப் பெஞ்சில் இடம் போதாமல் பாதிப்பேர் நின்றார்கள். டாக்டரம்மா நாத்தனாரை வெகுநேரம் பார்த்தார். சின்னச் சதை வளர்ச்சிதான் தெரிகிறது, எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்தவரைக்கும் பயப்படும்படி இல்லை என்றார். வெளியே வந்தவளைக் கட்டிப்பிடித்து நெட்டை அழுதேவிட்டாள்.

"நீங்களும் போய்ப் படுங்க அண்ணி. வந்ததுக்கு ஊறுகாய் போட்டுக்கிட்டுப் போவோம்."

நெட்டைக்கு ஒரு நோவும் இல்லை, ஒரு சொட்டுக் கறை பட்டதில்லை. ஒப்புக்குத்தான் உள்ளே போய்ப் படுத்தாள். பஞ்சு குளிர்ந்தது. காத்திருந்த நர்ஸ் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"வெள்ளையாத் தெரியுதும்மா" என்றார் டாக்டரம்மா. "புத்துன்னு சொல்லலை. மாற ஆரம்பிச்ச இடமா இருக்கலாம். அடுத்த வியாழக்கிழமை பெரிசு பண்ணிக் காட்டுற கருவி வச்சுப் பாத்துட்டு, தேவைப்பட்டா சூடு வச்சே சரிபண்ணிடலாம். கட்டாயம் வரணும்."

"சூடா?" என்றாள் நெட்டை. சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது சலவைக்கூடத்தின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால் முதலாளி நின்றார்.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

நெட்டை முன்னால் வந்தாள். "அடுத்த வியாழக்கிழமையும் போகணும், மொதலாளி. எனக்குத்தான் வைத்தியம். இன்னிக்குப் பாக்க முடியாதவங்களும் அன்னிக்கு வரணும். கூலியில கை வைக்கக் கூடாது."

அவர் ஒரு எட்டு பின்னால் போனார். "உனக்கா? அப்ப நீ வீட்டுலயே இரு. ஆஸ்பத்திரித் துணியைத் தொடுற கை. ஒட்டிக்குமான்னு நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? மத்தவங்க உள்ள வாங்க, நடந்ததை மறந்துடுறேன்."

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. நெட்டைக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னால் காலடி கேட்டால் அது கதவுப் பக்கம் போகிற காலடியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

காலடி கேட்டது. நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றாள். அப்புறம் ஊமையக்கா.

"இவ இல்லாம இவளோட ஜோடி வராது. அந்த ஜோடி வாங்காம நாங்க உருளைக்குள்ள குடுத்து என்ன பண்றது? பூட்டிக்கங்க, மொதலாளி."

உள்ளே தொட்டி நின்றுபோனது. தொட்டிக்காரர் ஈரக்கையோடு வெளியே வந்து, "மடிக்க ஆளில்லாம துவைச்சு யார் தலையில போடுறது?" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, திறந்த கதவு வழியாக வந்து பெண்களோடு நின்றார்.

ஜோடி ஜோடியாக அவர்கள் கதவுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே தொலைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. யாருக்கும் அடுத்து என்ன என்று தெரியவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை. மதிலோரம் கொஞ்சம் நிழல் விழுந்திருந்தது. அங்கே இருந்த பெண் பழைய பழக்கத்தில் நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்க வந்து உக்காருக்கா. உனக்கு உடம்பு முடியலையே."

"நிழல் வேணாம்டி" என்றாள் நெட்டை. "எனக்கு வியாழக்கிழமைதான் வேணும்."

அந்தப் பெண்ணும் நிழலை விட்டு எழுந்து வந்து, வெயிலில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.