பட்டியலில் மூன்றாவது பேர்

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது மேசைமேல் மூன்று வாக்காளர் சீட்டுகள் கிடந்தன. ஒன்று அவருடையது, ஒன்று மனைவியுடையது. மூன்றாவதை எடுத்துப் படித்தார். யாரோ ஒரு பெண்ணின் நீளமான பெயர் இருந்தது. வேறு வீட்டுச் சீட்டு மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். கீழே தன் அப்பாவின் பெயரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

"ஏங்க, நம்ம பாப்பாவுக்கு வந்திருக்கு," என்றாள் மனைவி, தட்டை வைத்துக்கொண்டே. "காலையிலேர்ந்து பத்து தடவை எடுத்துப் பாத்தாச்சு. என்னைத் தொட விடல."

பாப்பா அவருடைய தங்கை. வயது நாற்பத்தொன்று. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு பேச்சும் யோசனையும் அவளுக்கு மெதுவாகத்தான் வரும். ஆனால் வராமல் போகாது. காத்திருக்க வேண்டும், காத்திருக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. அப்பா வைத்த பெயர் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் புழங்கியதோடு சரி. பிறகு வீட்டில் பாப்பா, தெருவில் பாப்பா, கடையில் பாப்பா. அண்ணன் வெட்டி வைக்கிற கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் துடைப்பது அவள் வேலை. துடைப்பதற்கு முன் தாளிலுள்ள பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பாள். படித்து முடித்த பிறகே கசக்குவாள். அதனால் வேலை தாமதமாகிறது என்று அவர் எத்தனையோ முறை சத்தம் போட்டிருக்கிறார்.

பட்டியலில் பெயர் எப்படி ஏறியது என்பதை அவளே சொன்னாள். நாலு மாதம் முன்பு, அண்ணனும் அண்ணியும் வெளியே போயிருந்த நேரத்தில், கணக்கெடுக்கிற பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். இந்த வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேல் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறாள்.

"மூணு பேருன்னு சொன்னேன். மூணு பேர்தானே அண்ணா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இத்தனை வருடமும் அதே கேள்விக்கு வாசலில் நின்று பதில் சொன்னவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் "ரெண்டு பேர்" என்பார். பொய் சொல்கிறோம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இட்டுக்கட்டவோ யோசிக்கவோ வேண்டியிருக்கவில்லை. வாயில் தானாக வந்த கணக்கு அது.

"ஆமா, மூணு பேர்தான்," என்றார்.

வார்டு தேர்தல் அது. மரக்கடை முதலாளி குடைச் சின்னத்தில் நின்றார். அவர் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் சன்னல் கண்ணாடி கண்ணாடிக்காரரின் கடையிலிருந்துதான் போகும். அந்த வாரமே ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். கையில் பட்டியல் இருந்தது.

"உங்க வீட்ல இப்ப மூணு ஓட்டு போலிருக்கே!" என்று சிரித்தார். கண்ணாடிக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு, மனைவியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அதோடு கைகளைப் பிரித்துவிட்டார்.

கதவோரம் நின்ற பாப்பா கேட்டாள்: "குழாய் எப்ப இந்தப் பக்கம் வரும்?"

தெருக்குழாயைச் சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றி மூன்று வருடமாகிறது. தினமும் காலையில் லாரிகளுக்கு நடுவே இரண்டு குடத்தோடு இங்கும் அங்கும் போய் வருகிறவள் அவள்தான். அவளைத் தவிர அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதுகூடக் கிடையாது.

"அட, பாப்பா கேள்வி கேக்குதே!" என்றார் மரக்கடைக்காரர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். மரக்கடைக்காரர் அவர் தோளில் கை போட்டு, "மூணும் குடைக்குத்தான், இல்லையா?" என்றார். "அதுல என்ன சந்தேகம்," என்றார் இவர்.

அன்றிலிருந்து பாடம் தொடங்கியது. ஒரு தாளில் நாலு சின்னங்களை வரைந்து, எங்கே முத்திரை குத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அவள் சரியாகக் குடைமேல் விரல் வைத்தாள். இரண்டாம் நாளும் வைத்தாள். மூன்றாம் நாள் தாளைப் பார்த்தபடியே, "குடைக்காரர் குழாயைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்றாள்.

"அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம். நான் சொன்னதைச் செய்."

அவள் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

வாக்களிப்பு நாளன்று மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பாப்பா இஸ்திரி போட்ட புடவை கட்டி, சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வரிசை மைதானம்வரை நீண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் வங்கி மேலாளர். அவருக்கு முன்னால் தெரு கூட்டுகிற அம்மாள். மேலாளர் அவசர வேலை என்று சொல்லி முன்னே போகப் பார்த்தார். "எனக்கும் அவசரந்தான் சார், நில்லுங்க," என்றாள் அந்த அம்மாள். வரிசை கொல்லென்று சிரித்தது. மேலாளர் நின்றார்.

"அண்ணா, போன தடவையெல்லாம் நான் ஏன் வரல?" என்று பாப்பா கேட்டாள்.

"உன் பேரு இல்ல."

"ஏன் இல்ல?"

வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

உள்ளே மனைவி போட்டுவிட்டு வெளியே போனாள். அடுத்து அவர். குடைக்குத்தான் குத்தினார். கை பழக்கமாகச் செய்தது. பிறகு பாப்பா மேசைமுன் வந்து நின்றாள். அலுவலர் அவள் முழுப்பெயரை உரக்கப் படித்தார். அவள் நிமிர்ந்தாள்.

அப்போது எதிர்க்கட்சி ஏஜென்ட் எழுந்தார். "மேடம், ஆட்சேபணை. இவங்களுக்கு விவரம் போதாது. தெருவுக்கே தெரியும். அண்ணன் சொன்ன இடத்துல குத்திட்டு வருவாங்க. இது இவங்க ஓட்டா, அவரு ஓட்டா?"

கண்ணாடிக்காரருக்குக் காது சூடேறியது. கோபம் வந்தது, அந்த ஆள் சொன்னதில் பொய் எது என்று தேடினார், கிடைக்கவில்லை.

தலைமை அலுவலர் மூக்குக்கண்ணாடி போட்ட பெண்மணி. கண்ணாடிக்காரரைப் பார்த்து, "நீங்க அண்ணனா? இவங்களால தனியாப் போட முடியுமா?" என்று கேட்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த குடை ஏஜென்ட் கண்ணைக் காட்டினார். "நான் கூடப் போறேன் மேடம்," என்றார் கண்ணாடிக்காரர். சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் காதில் விழுந்தது. வாசலில் நின்று ரெண்டு பேர் என்று சொல்லுமே, அதே குரல்.

அலுவலர் அவளிடம் திரும்பினார். "அண்ணன் கூட வரணுமாம்மா?"

பாப்பாவுக்குப் பதில் வர நேரமாயிற்று. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"வேண்டாம்," என்றாள் பாப்பா. "எனக்குத் தெரியும். ஒருத்தருக்குத்தான் குத்தணும். யாருக்கும் காட்டக் கூடாது."

"இதுக்கு மேல இவங்களை ஒண்ணும் கேக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் அலுவலர், ஏஜென்டைப் பார்த்து. "உங்களுக்கு விவரம் போதுமான்னு கேட்டேனா, இவங்களைக் கேக்க?"

இடது கைச் சுட்டுவிரலில் மை வைத்தார்கள். வாக்குச்சீட்டோடு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டாயிற்று. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. கண்ணாடிக்காரர் தன்னை மறந்து ஒரு அடி எடுத்து வைத்தார். "அங்க போகக் கூடாதுங்க," என்றார் காவலர். அவர் நின்றார். அவள் பிறந்ததிலிருந்து, அவர் போகக்கூடாத ஓர் இடத்தில் அவள் இருந்ததே இல்லை. உள்ளே தாள் மடிகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வெளியே வந்து, பெட்டியில் வாக்குச்சீட்டைப் போட்டு, அது கீழே விழுந்ததா என்று குனிந்து பார்த்தாள்.

மைதானத்தில் மரக்கடைக்காரர் நின்றிருந்தார். "மூணும் ஆச்சா?" என்றார்.

"என்னோடது ஆச்சு," என்றார் கண்ணாடிக்காரர். "மத்ததை நான் எப்படிச் சொல்ல?" மரக்கடைக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தார். அவர் அடுத்துக் கட்டும் வீட்டின் சன்னல் வேலை தன் கடைக்கு வராது என்று புரிந்தது. நடந்தார்.

மனைவி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வேலியோரம் வந்ததும் அவர் நின்றார்.

"பாப்பா." பிறகு, தயங்கித் தயங்கி, அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாய்க்குப் பழக்கமில்லாமல் நாக்கு தடுமாறியது. "உன் பேரு ஏன் இல்லன்னு கேட்டேல்ல. நான்தான் சொல்லல. கேக்க வந்தவங்ககிட்ட ரெண்டு பேருன்னு சொல்லிட்டேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தார். கோபித்துக்கொள்வாள் என்றும் நினைத்தார்.

"எத்தனை தடவை?" என்று கேட்டாள்.

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். "ஆறு."

அவள் தன் வாக்காளர் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டு இடது கையை விரித்தாள். கட்டைவிரலை மடக்கினாள். மை வைத்த விரலைத் தொடாமல் தாண்டி, நடுவிரலை மடக்கினாள். மோதிரவிரல். சுண்டுவிரல். பிறகு வலது கையில் இரண்டு. ஓட்டுப் போடப் போகிறவர்களும் போட்டுவிட்டு வருகிறவர்களும் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். மடங்கிய விரல்களை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின் நடுவே அந்த ஒரு விரல் மட்டும், ஈரம் காயாத மையோடு, நிமிர்ந்து நின்றது.