மஞ்சுஷா வரிசையாகச் சொன்னது

என் மகள் மஞ்சுஷாவுக்கு அப்போது பத்து வயது. தேங்காய், புளி, தீப்பெட்டி வாங்கி வா என்று அனுப்பினால் தீப்பெட்டியோடு வந்து நிற்பாள். சில நாள் அதுவும் இருக்காது. திட்டினால் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அப்புறம் அழுகை வரும். மூளை வளர்ச்சியில் பிறவிக் குறை என்று எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

2009-இல் அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சுப் பட்டைகளை நெற்றியில் வைத்து இருபது நிமிஷம் மிகச் சிறிய அளவில் மின்சாரம் விடுவார்கள். கூடவே ஞாபக விளையாட்டு. பத்து நாள். பலன் உண்டா என்று பார்க்கத்தான் இது, உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர் சோனியா. தலையில் எண்ணெய் கூடாது, மூன்று நாள் தவறினால் பெயரை நீக்கிவிடுவோம் என்றும் சொன்னார். கார்ப்பரேஷனில் சாக்கடை ஓடை வாரும் என் வீட்டுக்காரர் இசக்கிமுத்து ஒரு மாதம் அலைந்து வாங்கிய இடம் அது.

முதல் நாளே, "எறும்பு ஊருது" என்று பிள்ளை நெற்றியைத் தேய்த்தாள். ஆபத்தில்லை என்றார் டாக்டர். இருக்கட்டும், பெற்ற வயிறு கேட்குமா? கரண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது மழையில் அறுந்து விழும் கம்பிதான். மறுநாள் முதல், நாங்கள் இருக்கும் சுள்ளிக்கல் முப்பிடாதி அம்மன் கோயில் விளக்கில் எரிந்த எண்ணெயைக் குப்பியில் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எங்கள் லைன் வீடுகளில் காய்ச்சலுக்கும் பரீட்சைக்கும் அதுதான் காவல். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ விட்டு இறங்கியதும், முடி தொடங்கும் இடத்தில் நன்றாகத் தேய்த்துவிடுவேன்.

இரண்டாம் நாள் மெஷின் கத்திவிட்டு நின்றது. மூன்றாம் நாளும் அப்படியே. வயரை மாற்றினார்கள், பஞ்சை மாற்றினார்கள். முடிக்குள் இறங்கிய எண்ணெய் யார் கண்ணில் படும்? அம்மன்தான் தடுக்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி வேறு. என்னைப் போல ஒரு மடச்சி உண்டா!

நாலாம் நாளும் நின்றது. டாக்டர் அலுத்துப்போய், இங்கே வரும்போது என்ன செய்தாய் என்று, பதிலை எதிர்பார்க்காமலேயே மஞ்சுஷாவிடம் மலையாளத்தில் கேட்டார்.

"மோளே, இங்கோட்டு வரும்போ எந்தா செய்தே?"

மஞ்சுஷா என்னைப் பார்த்தாள். "ஆட்டோவுல இருந்து எறங்குனோம். அம்மை இடுப்புல இருந்து குப்பி எடுத்தா. என் தலையில எண்ணெய் தேச்சா. டாக்டர்ட்ட சொல்லாதேன்னா."

நாலு காரியம். வரிசையாக. ஒன்றும் விடவில்லை. எனக்கு மானம் போனது, சந்தோஷமும் தாங்கவில்லை.

டாக்டர் அவள் முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் பளபளத்தது. எண்ணெய் இருந்தால் பஞ்சு வழியாகக் கரண்ட் பாயாதாம், மெஷின் நின்றுவிடுமாம்.

"மெஷினாலதானே டாக்டரே பிள்ளை இப்பிடிச் சொன்னா? இன்னும் ஆறு நாள் இருக்கில்லா?" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"மெஷின் ஒரு நாளே ஓடியுள்ளு, மாடத்தி. அதுனாலன்னு எழுதான் பற்றில்லா, முடியாது," என்றார். கோபப்படவில்லை. பட்டியலில் மஞ்சுஷாவின் பெயரை அடித்தபோது அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

இசக்கிமுத்துவிடம் என்ன சொல்வேன்? வீடு திரும்ப மட்டாஞ்சேரி போகும் படகில் உட்கார்ந்து குப்பியைக் காயல் தண்ணீரில் வீசப் போனேன், கை வரவில்லை. அதைத் திரும்பச் செருகிக்கொண்டு கேட்டேன்: "மஞ்சு, காலையில அம்மை என்ன செஞ்சேன்?"

சொன்னாள். படகுத்துறை வருவதற்குள் என் குற்றத்தை அவள் வாயால் ஆறு தரம் கேட்டுவிட்டேன். ஒரு தரம்கூட அவள் வரிசை தப்பவில்லை.