தைக் கிழமை லீவு

அந்த வருஷம்தான் லீவு கேட்கும் வரிசையில் மயில்வாகனம் முதல் ஆளானார். அவருக்கு மேலே இருந்தவர் கண் மங்கி வேலையை விட்டுப் போய்விட்டார்.

கண்டியிலிருந்து கலகெதரவுக்கும் கெலிஓயாவுக்கும் அலவத்துகொடவுக்கும் பஸ் விட்ட சிறிய கம்பெனி அது. ஒரு கிழமையில் ஒரு டிரைவருக்குத்தான் ஏழு நாள் லீவு. மார்கழி பிறந்ததும் மனேஜர் மஹ்ரூப் எல்லோரையும் கராஜுக்குள் கூப்பிட்டு, அடுத்த வருஷம் எந்தக் கிழமை வேண்டுமென்று வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி கேட்பார். முன்னால் நிற்பவர் விரும்பியதை எடுப்பார். பின்னால் நிற்பவருக்கு மிச்சம்.

முன்பு இந்த ஒழுங்கும் இருக்கவில்லை. பழைய மனேஜர் வீட்டுக்குக் கோழி கொண்டுபோனவனுக்கே நல்ல நாள் கிடைத்தது. டிரைவர்கள் ஒன்றாகப் போய் முதலாளியிடம் வாதாடித்தான் வரிசையை வாங்கினார்கள். அப்போது கடைசியில் நின்ற மயில்வாகனமும் போனார். ஆனால் வரிசை வந்தும் அவர் பங்குக்கு வந்தவை மழைக் கிழமைகள்தான். சாவகச்சேரியில் இருந்த மனைவி பரிமளம் பொங்கலுக்குப் பொங்கல் தனியாகவே பானை வைத்தாள். பிள்ளை செத்துப் பிறந்த அன்றும் அவர் கலகெதர றோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காய்ச்சலில் அவளும் போய்விட்டாள். வரிசையின் முதலிடத்துக்கு வந்தபோது அவருக்குப் போக ஒரு வீடு இல்லை. கட்டுகலையில் வாடகைக்கு எடுத்த ஓர் அறைதான் இருந்தது.

வரிசையில் இரண்டாவது ஆள் அலவத்துகொட முனாப். கண்டியில் மயில்வாகனத்தோடு மனம்விட்டுப் பேசிய ஒரே மனிதர் அவர்தான். வரும் தையில் பொங்கலும் நோன்புப் பெருநாளும் ஒரே கிழமையில் விழுந்தன.

"நீங்க பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்க தானே அண்ணே?" என்று முனாப் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அங்கை ஆர் இருக்கினம்? எனக்கு வேண்டாம். அந்தக் கிழமையை நீர் எடும்."

முனாப்பின் முகம் மலர்ந்தது. மகளுக்குக் கல்யாணமாகி வரும் முதல் பெருநாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வருகிறார்கள். அன்றே மனைவி ஸுலைஹாவிடம் சொல்லிவிட்டார்.

லீவு கேட்கும் நாள் காலையில் கராஜ் வாசலில் கறுப்பையா நின்றான். கடைசியாகச் சேர்ந்த டிரைவர் அவன். மயில்வாகனத்தைக் கண்டதும் கிட்ட வந்தான்.

"அண்ணே, எம் பொண்டாட்டி இரத்தினம்மா அட்டன் பக்கம் தோட்டத்துல அவங்க அம்மாகிட்ட இருக்கா. தை நடுவுலதான் பிரசவம். புள்ள தலை மேல இருக்கு, கஷ்டந்தான்னு ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சொல்லிட்டாரு. அந்தக் கெழமைய மட்டும் எனக்கு யாராச்சும் விட்டுத் தருவாங்களாண்ணே?"

அதற்குள் மனேஜர் கூப்பிட்டுவிட்டார்.

மயில்வாகனம் விட்டுக்கொடுத்தால் கிழமை முனாப்புக்குப் போகும். கறுப்பையாவரை அது இறங்கவே இறங்காது. ஆனால் எடுத்த கிழமையை இரண்டு பேர் சம்மதித்து மாற்றிக்கொள்ளலாம். அது பழைய வழக்கம்.

"மயில்வாகனம், உங்களுக்கு எது?"

"தைப்பொங்கல் கிழமை," என்றார் அவர். முனாப் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. கடைசியாகக் கறுப்பையாவுக்கு வைகாசி மழையில் ஒரு கிழமை மிஞ்சியது. மயில்வாகனம் உடனே முன்னால் வந்து, தாங்கள் இருவரும் மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். மனேஜர் தாடியைத் தடவியபடி சம்மதித்தார்.

வெளியே முனாப் காத்து நின்றார்.

"எனக்கு வேணாமெண்டு நீங்கதானே செல்லினீங்க? நான் ஊட்டுல எல்லாருக்கும் செல்லிட்டேன்."

"முனாப், அந்தப் பெடியன்ரை பெஞ்சாதிக்கு..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். குடுக்காமலும் இருந்திருப்பேன். அது என்ட வரிச." முனாப் கராஜ் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் காலத்துல கோழி குடுத்து லீவு எடுத்தாங்க. இப்ப கண்ணீரக் குடுத்து எடுக்கிறாங்க. அப்ப வரிச எதுக்கு அண்ணே?"

முனாப் சொன்னது சரி. தான் செய்ததும் பிழை என்று மயில்வாகனத்துக்குத் தோன்றவில்லை.

பெருநாளன்று முனாப்புக்கு அலவத்துகொட பஸ்தான் விழுந்தது. புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் நிறைந்த தன் ஊருக்குள்ளால் அவர் காக்கிச் சட்டையோடு போய்வந்தார். பின்னேரத்துப் பயணத்தைத் தான் ஓட்டுவதாக மயில்வாகனம் சொல்லி அனுப்பினார். "என்ட வேலைய நான் பாத்துக்கொள்றேன்" என்று பதில் வந்தது.

கறுப்பையா திரும்பி வந்தான். பிள்ளை கால்பக்கமாகப் பிறந்ததாம், பெண்பிள்ளை. இரத்தினம்மா ஒரு பகலும் ஓர் இரவும் அவன் கையை விடவே இல்லையாம். அவன் காலில் விழப்போக, மயில்வாகனம் பிடித்து நிறுத்தினார். அன்று அறைக்குப் போய் வெகுநேரம் விளக்கேற்றாமல் இருந்தார். தங்கள் பிள்ளை பிறந்த அன்று பரிமளத்தின் கையைப் பிடிக்க யார் இருந்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

முனாப் அதன்பின் அவரோடு பேசவில்லை. வழியில் பஸ்கள் எதிர்ப்பட்டால் மற்ற டிரைவர்களுக்குக் கை காட்டுவார்; இவர் வந்தால் றோட்டையே பார்த்துக்கொண்டு போவார்.

வைகாசியில் மயில்வாகனத்தின் லீவு வந்தது. முதல் நாள் வேட்டி சட்டைகளைத் துவைத்தார், மழையில் காயவில்லை. அடுத்த நாள் குடையை எடுத்துக்கொண்டு வாவியைச் சுற்றி நடந்தார். அதற்கடுத்த நாள் கால்கள் தாமாகவே பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோயின. அலவத்துகொட பஸ் நின்றது. ஏறி, முனாப்புக்குப் பின்னால் இருந்த ஆசனத்தில் உட்கார்ந்தார்.

முனாப் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பஸ்ஸை எடுத்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியது. ஆற்றில் கலங்கல் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அலவத்துகொடவில் எல்லோரும் இறங்கினார்கள். மயில்வாகனம் இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது? மழை கூரையில் விழுந்துகொண்டிருக்க, வெறும் பஸ்ஸில் இருவரும் முன்னும் பின்னுமாக இருந்தார்கள்.

திரும்பும் நேரம் வந்ததும் முனாப் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கும் லீவா?"

"ஓம்."

முனாப் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். பஸ் கண்டிக்குப் புறப்பட்டது.