கதவில்லாத மூன்றடி

கைபேசி அதிர்ந்து அதிர்ந்து தக்காளிச் சட்னிக் கிண்ணத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் சுனிலின் பெயர். ஜார்ஜ் எடுக்கவில்லை. பிட்ட இட்லியை வாயில் போடாமல் வேடிக்கை பார்த்தார். இன்னும் ஓர் அங்குலம் நகர்ந்தால் சுனில் சட்னிக்குள் விழுந்துவிடுவான். கொஞ்ச காலமாக அவர் ஆண்டவரிடம் கேட்டு வந்ததும் ஏறக்குறைய அதுதான். சின்ன அளவிலாவது நிறைவேறும் போலிருந்தது.

மனைவி மரியபுஷ்பம் குறுக்கே புகுந்து கைபேசியைக் காப்பாற்றினாள். "எடுங்க ப்ளெசி டாடி. காலைலேர்ந்து அடிக்கிறான், பாவம்."

"பாவமா? அவன் பண்ணினதுக்கும் அதே பேருதான்."

சுனிலும் ஜார்ஜும் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். ஒரே பங்குக் கோயில். அங்கே கீபோர்டு வாசித்த காலத்திலிருந்தே சுனில் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். பேகம்பேட்டில் அவன் கட்டட வடிவமைப்பு அலுவலகம் திறந்தபோது முதல் நாற்காலி ஜார்ஜுக்குத்தான் போடப்பட்டது. அந்த நாற்காலியிலேயே அவருக்குத் தலை நரைத்தது. பிறகு, வீடு வரையும் செயற்கை நுண்ணறிவு ஒன்றைச் சுனில் வாங்கினான். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஜார்ஜ் அதுவரை வரைந்த வீடுகளையெல்லாம் ஊட்ட வேண்டியிருந்தது. ஜார்ஜே உட்கார்ந்து ஊட்டினார். பச்சைக் குழந்தைக்குப் பருப்புசாதம் ஊட்டுகிற மாதிரி, காரம் பார்த்து, சூடு பார்த்து ஊட்டினார். குழந்தை சோற்றோடு சேர்த்துக் கையையும் தின்றது.

வழியனுப்பும் நாளில் வீட்டு வடிவத்தில் ஒரு கேக் வந்தது. "நீங்க ஃபேமிலிண்ணா, ஃபேமிலிய யாராவது வேலைய விட்டு எடுப்பாங்களா? ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிச் சுனில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். வாசற்படித் துண்டு. ஜார்ஜ் அதைத் தின்னவும் செய்தார். அவருக்குத் தன்மீது இன்றுவரை ஆறாத கோபம் அதில்தான். கேக் நன்றாக வேறு இருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறு பூசைச் செபத்தில், பிறர் குற்றத்தைப் பொறுப்பதாகச் சொல்லும் அடி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். இரண்டு வரிசை முன்னால் சுனிலின் பிடரி தெரியும். ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாது என்பதில் ஜார்ஜ் கண்டிப்பானவர்.

கைபேசி அடங்கியது. எதிரே மகள் ப்ளெசி தன் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று இன்று மாலைக்குள் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அவள் எழுதித் தேறியிருப்பது கட்டடக்கலை நுழைவுத் தேர்வு. அப்பா சரி என்று சொல்லாமல் அழுத்தமாட்டேன் என்று அவள் இருந்தாள். சொல்லமாட்டேன் என்று இவர் இருந்தார்.

"கம்ப்யூட்டர் போடு."

"நாகு வத்து டாடி. எனக்கு வேணாம்."

"வேணாம்னா, உங்கப்பன் மாதிரி அம்பது வயசுல வீட்டு வாசல்ல பால் பாக்கெட்டுக்குக் காத்திருக்கப் போறியா?"

மரியபுஷ்பம் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கம்ப்யூட்டர் படிச்ச என் தம்பியும் இப்ப அந்த வாசல்லதான் நிக்கிறான்."

"அப்ப பொணத்துக்குச் சவரம் பண்ணக் கத்துக்கட்டும். அதுக்கு இன்னும் மெஷின் வரல."

ப்ளெசி சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருப்பதை அவள் ஒரு போராட்ட முறையாகவே கொஞ்ச நாளாகக் கடைப்பிடித்து வந்தாள். உண்மையில் ஜார்ஜுக்குக் கோபம் தொழில்மீதுகூட இல்லை. தன்னைத் தின்ற வாய்க்குத் தன் மகளையும் ஊட்டுவதா என்பதுதான். அந்தத் தொழிலுக்கு அவர் கொடுக்க முடிந்த தண்டனை அது ஒன்றே: என் பிள்ளை உனக்குக் கிடையாது.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தார்.

"அண்ணா, ஒரு சின்ன டவுட்டு. ஷாமீர்பேட் பக்கம் நாப்பது வில்லா போகுதில்ல, எல்லாத்துலயும் கிச்சன் பின்னாடி ஒரு டக்ட் வருது. மூணடிக்கு மூணடி. சுத்தி அடைச்சு, கதவே இல்ல. உள்ள பைப்பும் ஒண்ணும் போகல. கைக்குண்ணா அது, எதுக்கு?"

ஜார்ஜ் இட்லியை வாயில் போட்டு நிதானமாக மென்றார். நெஞ்சுக்குள் கோயில் மணி அடித்தது. அதுவும் ஈஸ்டர் மணி.

"நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும்பா" என்றார்.

அந்த மூன்றடியின் கதை சுனிலுக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஜார்ஜின் வீடு நிறையக் கூட்டம். அங்கே மரியபுஷ்பத்துக்குத் தனியாக உட்கார இருந்த ஒரே இடம் துணி துவைக்கும் கல்தான். ஒருநாள் அதன்மேல் உட்கார்ந்து, சும்மா, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் மறந்திருப்பார். அதற்குப் பிறகு அவர் வரைந்த ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக்குப் பின்னால் ஒரு மூலை வந்தது: உட்கார ஒரு கல் பலகை, கண் மட்டத்தில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். முதல் வீட்டிலேயே சுனில் அதை அடித்துவிட்டான். "மூணடி வேஸ்ட்டுண்ணா. பெட்ரூமுக்குக் குடுங்க." அடுத்த வீட்டிலிருந்து ஜார்ஜ் அதை நான்கு பக்கமும் அடைத்து வரைந்து, உள்ளே 'டக்ட்' என்று எழுதத் தொடங்கினார். குழாய் போகும் பொந்தை எந்த முதலாளியும் வெட்டமாட்டான். சுவர் எழும்பும்போது நேரில் போய், கதவை எங்கே விடுவது, பலகையை எங்கே வைப்பது என்று மேஸ்திரியிடம் வாயால் சொல்லிவிட்டு வருவார். குடிவந்த பெண்கள் யாரும் அது எதற்கு என்று கேட்டதில்லை. உட்கார்ந்துகொண்டார்கள்.

இயந்திரத்துக்குக் காகிதத்தில் இருந்ததுதான் தெரியும். வாயால் சொன்னது தெரியாது.

வழியனுப்பு நாளில் போட்ட அதே சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். ப்ளெசி கார்ச் சாவியை எடுத்தாள். அவளைக் கூட்டிப்போக முதலில் தயங்கினார். பிறகு, அந்தத் தொழில் எப்படி மண்ணைக் கவ்வுகிறது என்று இவளும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். வீடிருந்த லோத்குண்டாவை விட்டு ராணுவத்து மதில் ஓரமாகக் கார் போனது. ஜார்ஜ் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். சுனில் காலில் விழுவதாக ஒரு காட்சி வந்தது. சற்றே மிகை என்று தோன்றியதால், கைகூப்புவதாகத் திருத்திக்கொண்டார்.

சுனில் வெள்ளை லினன் சட்டையில் வெயிலில் நின்றிருந்தான். வில்லாக்கள் பூச்சுக்குக் காத்துச் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. முதல் வில்லாவின் சமையலறைக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினான். தளத்திலிருந்து கூரைவரை ஒரு கல் பெட்டி. சமையலறை அதற்கு ஒதுங்கி, திருவிழாப் பேருந்தில் ஒற்றைக் காலில் நிற்பவன் மாதிரி நின்றது.

"வாங்கின அம்மா ஒண்ணு வந்து பாத்துட்டு, உள்ள யாரையோ வச்சுப் பூசிட்டீங்கன்னு சொல்லுது. வாட்ஸப் குரூப்ல போட்டுடுச்சு. மத்தவங்களும் அட்வான்ஸ் திருப்பிக் குடுன்னு நிக்கிறாங்கண்ணா."

"மெஷினக் கேட்டியா?"

"ஹவ்ண்ணா, கேட்டேன். 'இது உங்கள் அலுவலகத்தின் நீண்டகால நல்வழக்கம்'னு சொல்லுது."

ஜார்ஜ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. சுவரைத் தடவினார். மருத்துவர் வயிற்றைத் தட்டுவது போலத் தட்டினார். பிறகு, காரில் முடிவுசெய்து வைத்திருந்த வாக்கியத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்துவிட்டார்.

"இது இருந்துதான் ஆகணும் சுனில். பில்டிங்கோட மூச்சு இது. இடிச்சேன்னா நாளைக்குச் சுவரெல்லாம் ஈரம் கக்கும். பூசிட்டுப் போ."

சுனிலின் முகம் தெளிந்தது. "அப்பாடா. நீங்க சொன்னாச் சரிண்ணா." பூச்சு மேஸ்திரியைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெளியே அனுப்பிய ஆளின் வார்த்தையை இன்னும் அப்படி நம்பினான். அது ஜார்ஜை லேசாக உறுத்தியது. ஆனால் வாசற்படித் துண்டை நினைத்துக்கொண்டார், உறுத்தல் நின்றது. நாற்பது வீடு. நாற்பது பொந்து. இந்தப் பெயரைச் சுனில் ஜென்மத்துக்கும் கழுவ முடியாது.

ப்ளெசி சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டடி நகர்ந்து நின்று பார்த்தாள். சமையலறை வாசலிலிருந்து கையை நீட்டி எதையோ அளந்தாள்.

"டாடி, இதி மம்மி கார்னர் கதா?"

ஜார்ஜ் விரலில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிவிட்டார்.

"நம்ம வீட்டுல மம்மி உக்காருவாங்கல்ல, அதேதான். டோர் ஏன் இல்ல?"

சுனில் கைபேசியைக் காதிலிருந்து எடுத்தான். "என்ன கார்னரு?"

லோத்குண்டா வீட்டின் மூலையில் மரியபுஷ்பம் மாலைத் தேநீரோடு உட்கார்ந்திருப்பது ஜார்ஜின் கண்ணில் வந்தது. வந்த காட்சியின்மேல் யாரோ கல் அடுக்கத் தொடங்கினார்கள். முழங்கால்வரை, தோள்வரை, ஜன்னல்வரை. யார் அடுக்குவது என்று பார்த்தால், இஸ்திரி போட்ட சட்டையோடு அவரே. இத்தனை மாதம் பாலூட்டி வளர்த்த பழி. அதற்குள் அடைபட இருந்தவன் சுனில் இல்லை. அவன் வீட்டில் பால்கனியே மூன்று. ஒழுங்காக ஒரு பழி வாங்கத் தெரிகிறதா எனக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டார். அதற்கும் ஒரு கல்லூரி இருந்தால் தேவலை.

"சுத்தியல் எங்க?" என்றார்.

"கைக்குண்ணா? ஈரம் வரும்னீங்க?"

"பொய் சொன்னேன். இது டக்ட் இல்ல. உக்கார்ற எடம். நீ வெட்டுவன்னு டக்ட்னு எழுதினேன்."

சுனில் அவரைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். "ஏன்ணா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக் வெட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்."

சுனில் தலையைக் குனிந்து, "ஆள கூப்பிடறேன்" என்றான்.

"நக்கோ, ஆள் வேணாம். நீ இடி."

முழுப் பழியையும் விட்டுவிட ஜார்ஜ் ஒன்றும் புனிதர் இல்லை. மூலையில் கிடந்த சம்மட்டியைச் சுனில் தூக்கினான். முதல் அடியில் சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தோள்தான் அதிர்ந்தது. "கொஞ்சம் கீழ" என்றார் ஜார்ஜ், கையைக் கட்டிக்கொண்டு. அடுத்த அடிக்கு ஒரு கல் பிளந்தது. வெள்ளை லினன் மெல்ல மெல்லச் சாம்பலானது. "இடது பக்கம்பா. கீபோர்டுல அடிக்கிற மாதிரி அடிக்காத." இந்தச் சுகத்துக்கு நிகராக அந்த வருடத்தில் எதுவும் அவருக்குக் கிடைத்ததில்லை. கன்னத்தில் வியர்வை கோடிழுக்க, சுனில் நிறுத்தி மூச்சு வாங்கினான். இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறது என்று ஜார்ஜ் கனிவாக நினைவுபடுத்தினார்.

ஆள் நுழைகிற அளவு திறந்ததும் ப்ளெசி தூசி அடங்குவதற்குள் உள்ளே போய்விட்டாள். கைபேசி விளக்கை அடித்தாள். காய்ந்த சிமெண்ட் வாடை. கட்டும்போது யாரோ விட்டுப்போன ஒரு கஞ்சிக் கிண்ணம். வெளிச்சுவரில் தன் கண்ணுக்கு நேரே உடைந்த கல்லால் ஒரு சதுரம் கீறினாள், ஜன்னலுக்கு. பிறகு முதுகைச் சுவரில் சாய்த்து, இல்லாத ஒரு பலகைமேல் உட்காருவது போல முழங்காலை மடக்கி நின்றாள். கையைப் பின்னால் விட்டு அந்த உயரத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

கோடு இரண்டங்குலம் அதிகம். அவர் எல்லா வீட்டிலும் வைத்த உயரம் மரியபுஷ்பத்தின் முழங்காலுடையது. ப்ளெசி அம்மாவைவிட வளர்த்தி. கோடு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் கைபேசித் திரையில் காலையில் பார்த்த, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் அதே பக்கம் இன்னும் திறந்திருந்தது. "டாடி" என்றாள் உள்ளிருந்து. "அழுத்தவா?" என்றாள் மறுபடி.

"ம்" என்ற ஜார்ஜ், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து, அந்தத் துளை வழியே உள்ளே போனார். மூன்றடிக்குள் இரண்டு பேர் நிற்பது சிரமமாக இருந்தது. அடுத்த வீட்டிலிருந்து சுனிலின் சம்மட்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது, தாளம் தப்பித் தப்பி.